கோப்பு அனுமதியும் கணினி சொல்லும் ‘இல்லை’யும்

பள்ளி ஒன்றின் பொதுக் கணினியில் தமிழாசிரியர் ஒருவர் தேர்வு வினாத்தாளைச் சேமித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அதே வகுப்புக்குக் கற்பிக்கும் மற்றோர் ஆசிரியர் அதனைச் சரிபார்க்க வேண்டும். முதலாமவர் தம் கணக்கில் நுழைந்து, ‘வினாத்தாள் என்னும் கோப்பு உண்டா?’ என்று ஒரு சிறு நிரலின்வழிக் கேட்கிறார். ‘உண்டு’ என்கிறது கணினி. இரண்டாமவர் தம் கணக்கிலிருந்து அதே நிரலை இயக்கி, அதே கேள்வியைக் கேட்கிறார். ‘இல்லை’ என்கிறது. கணினி பழுதுபடவில்லை, நிரலிலும் பிழையில்லை. கேட்டவர் யார் என்பதற்கேற்ப விடை மாறியிருக்கிறது.

இத்தகைய வேளையில் பலரும் கையாளும் குறுக்குவழி ஒன்றுண்டு. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் அளிக்கும் 777 என்னும் எண்ணைக் கோப்பின்மீது ஏற்றிவிடுவார்கள். அதனாலும் பயன் விளையாவிட்டால், அக்கோப்பு இருக்கும் கோப்புறை முழுவதற்கும் அதனையே ஏற்றுவார்கள். அப்போது சக ஆசிரியருக்கு வழி திறந்துவிடும். அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் மாணவர் அனைவருக்கும் திறந்துவிடும். வினாத்தாளைப் படிப்பது மட்டுமன்றி, அதனைத் திருத்தவும் நீக்கவும்கூட அவர்களால் இயலும். தடை எங்கே இருந்தது என்று அறியாமல் கதவுகளையெல்லாம் கழற்றி வைத்த கதை அது.

தடை எங்கே என்று காட்டப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வரிகளில் அடங்கும் ஷெல் நிரல் ஒன்றே போதும். ஆனால் அது தரும் ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் விடைகளுக்குப் பொருள்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். நிரலை எழுதுவதைவிட அதுவே கடினமான பகுதி.

இங்குப் பேசப்படும் அனுமதி முறை யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு உரியது. 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய பணி அது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலமாதலால், எவருடைய கோப்பை எவர் தொடலாம் என்னும் கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும், ஆப்பிள் கணினிகளின் மேக் இயங்குதளமும் அவ்வழியில் வந்தவை. விண்டோஸ் கணினியில் பயில விரும்பும் மாணவர், 2016 முதல் கிடைத்துவரும் லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொள்ளலாம். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளைப் பெற்று இயங்குதளத்தின் கருப்பகுதியிடம் சேர்க்கும் இடையாள். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஷெல் நிரலாகும்.

ஒரு குறிப்பு. கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அமைய வேண்டும்.

பத்துக் குறிகள்

‘எல்எஸ் -எல்’ என்று கட்டளையிட்டால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் முன்னால் பத்துக் குறிகள் கொண்ட ஒரு தொடர் தோன்றும். முதற்குறி அது கோப்பா, கோப்புறையா என்பதைச் சொல்லும். எஞ்சிய ஒன்பதும் மும்மூன்றாகப் பிரியும். முதல் மூன்று உரிமையாளருக்கும், அடுத்த மூன்று குழுவினருக்கும், இறுதி மூன்று பிறருக்கும் உரியவை. ஒவ்வொரு மூன்றிலும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய அனுமதிகள் இவ்வரிசையிலேயே நிற்கும். திரையில் இவை ஆர், டபிள்யூ, எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இங்கு அவற்றுக்கு முறையே ப, எ, இ என்று எழுதுவோம். அனுமதி இல்லாத இடத்தில் சிறுகோடு நிற்கும்.

ஆகவே ‘பஎ- ப-- ---’ என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், பிறருக்கு ஒன்றுமில்லை. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பிட்டுக் கூட்டினால் இதுவே 640 என்னும் மூவிலக்க எண்ணாகும். நம் ஆசிரியரின் வினாத்தாளுக்கு 640 மிகப் பொருத்தமானது. கோப்பின் குழு ‘ஆசிரியர்’ என்று அமைந்திருந்தால், சக ஆசிரியர் படிப்பார், மாணவர் படிக்கமாட்டார். பத்துக் குறிகளுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி ஒட்டியிருந்தால், இந்த ஒன்பது குறிகளுக்கு அப்பாலும் தனித்தனி ஆள்களுக்கான அனுமதிப் பட்டியல் ஒன்று உண்டு என்று பொருள். அப்போது ஒன்பது குறிகளை மட்டும் படித்து முடிவுகட்டக் கூடாது.

இதுவரை சொன்னதைப் பாடநூல்கள் எல்லாம் சொல்லும். அவை விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. கணினி இம்மூன்று பிரிவுகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. கேட்பவர் உரிமையாளரா என்று முதலில் பார்க்கும். ஆம் என்றால், உரிமையாளருக்கான மூன்று குறிகளே இறுதித் தீர்ப்பு. குழுவின் குறிகளை அது திரும்பியும் பாராது. உரிமையாளர் அல்லர் என்றால் மட்டுமே குழுவில் உள்ளவரா என்று கேட்கும். அதுவும் இல்லையென்றால்தான் பிறருக்கான குறிகளுக்கு வரும். எனவே ஒரு கோப்பின் எண் 044 என்றிருந்தால், ஊரார் எல்லாரும் அதனைப் படிக்கலாம். சொந்தக்காரர் படிக்க இயலாது! விந்தையாகத் தோன்றினும் விதி இதுதான். உரிமையாளர் நினைத்தால் எண்ணை மாற்றித் தமக்கு அனுமதி அளித்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றும்வரை அவருக்கும் கதவு அடைத்தே இருக்கும்.

இங்கே நம் சொல்லாட்சி பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘கோப்பு உரிமை’ என்றும் ‘கோப்பு அனுமதி’ என்றும் இரண்டையும் கலந்து எழுதுகிறோம். உரிமையாளர் என்பவர் கோப்பின் சொந்தக்காரர். அனுமதிக் குறிகளை மாற்றும் தகுதி அவருடையது. அனுமதி என்பது அக்குறிகள் இப்போது இருக்கும் நிலை. மேற்சொன்ன 044 கோப்பில் உரிமை இருக்கிறது, அனுமதி இல்லை. இவ்விரு சொற்களையும் பிரித்து ஆளும் வகுப்பில் மாணவர் பாதிக் குழப்பத்தைக் கடந்துவிடுவர்.

கோப்புறையின் மூன்று குறிகள்

கோப்புறைக்கும் இதே ஒன்பது குறிகள்தாம். பொருள்தான் வேறு. கோப்புறையைப் படிக்கலாம் என்றால், அதனுள் என்னென்ன பெயர்கள் உள்ளன என்று பட்டியல் பார்க்கலாம் என்று பொருள். கோப்புறையில் எழுதலாம் என்றால், அதனுள் பெயர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம். கோப்புறையை ‘இயக்குதல்’ என்பதற்கு நேர்ப்பொருள் ஏதுமில்லை. அவ்விடத்தில் இ என்னும் குறி ‘இதனைக் கடந்து உள்ளே செல்லலாம்’ என்பதைக் குறிக்கும். கடத்தல் அனுமதி என்றே அதனைச் சொல்வது தெளிவு.

இம்மூன்றும் தனித்தனியே இயங்கும் என்பதால் வியப்பூட்டும் நிலைகள் உருவாகின்றன. படிக்கும் அனுமதியின்றிக் கடக்கும் அனுமதி மட்டும் உள்ள கோப்புறையில், உள்ளே இருக்கும் கோப்பின் பெயரை முன்னரே அறிந்தவர் அதனைத் திறக்கலாம். அறியாதவர் பட்டியல் கேட்டால் கிடைக்காது. மறுதலையாக, படிக்கும் அனுமதி இருந்து கடக்கும் அனுமதி இல்லையென்றால், பெயர்களைப் பார்க்கலாம், எதையும் தொட இயலாது.

இதனினும் முக்கியமானது எழுதும் அனுமதி. ஒரு கோப்பை எவரும் திருத்தாதவாறு 444 என்று அமைத்துவிட்டு ஒருவர் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அக்கோப்பு இருக்கும் கோப்புறையில் மாணவர்க்கு எழுதவும் கடக்கவும் அனுமதி உண்டெனில், அவர் அக்கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம். நீக்குதல் என்பது கோப்பின்மீது செய்யப்படும் செயலன்று. கோப்புறையில் உள்ள பெயர்ப்பட்டியலில் ஒரு வரியை அழிக்கும் செயல். மதிப்பெண் பட்டியலைக் கோப்பளவில் மட்டும் பூட்டி வைப்பவர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும். பலர் பொதுவாக எழுதும் கோப்புறைகளில் இந்த இடர் நேராதிருக்க, மூவிலக்க எண்ணுக்கு முன்னால் 1 சேர்த்து 1777 என்றாற்போல அமைப்பதுண்டு. அப்போது, ஒரு கோப்பின் உரிமையாளரோ கோப்புறையின் உரிமையாளரோ தவிரப் பிற பயனர் அதனை நீக்க இயலாது. தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ கோப்புறை யூனிக்ஸ் வழிக் கணினிகளில் பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளது.

முதல் நிரல்

இனி நிரலுக்கு வருவோம். ‘டெஸ்ட்’ என்னும் கட்டளை இதற்கென்றே உள்ளது. அதற்கு ஒரு சிறுகோட்டையும் ஓர் எழுத்தையும் கோப்பின் பெயரையும் தந்தால் போதும். ‘-ஈ’ என்றால் அப்பெயர் உண்டா என்றும், ‘-ஆர்’ என்றால் படிக்க இயலுமா என்றும், ‘-டபிள்யூ’ என்றால் எழுத இயலுமா என்றும், ‘-எக்ஸ்’ என்றால் இயக்க அல்லது கடக்க இயலுமா என்றும், ‘-டி’ என்றால் அது கோப்புறையா என்றும் கேட்டதாகும். சதுர அடைப்புக்குறியும் அதே கட்டளையின் மற்றொரு பெயர்தான். அது வெறும் நிறுத்தக்குறி அன்று, ஒரு கட்டளை. ஆகையால் அதனை அடுத்து இடைவெளி விட்டே தீர வேண்டும். மாணவர் எழுதும் முதல் நிரல் பெரும்பாலும் இந்த ஓர் இடைவெளியில்தான் இடறும்.

இஃப் [ -ஆர் "$1" ]
தென் எக்கோ "படிக்க இயலும்"
எல்ஸ் எக்கோ "படிக்க இயலாது"
ஃபை

‘$1’ என்பது நிரலை இயக்கும்போது நாம் தரும் முதற்பெயர். ‘எக்கோ’ தனக்கு அடுத்து வருவதைத் திரையில் காட்டும். கடைசி வரியில் உள்ள ‘ஃபை’, முதல் வரியின் ‘இஃப்’ என்னும் சொல்லைத் தலைகீழாக எழுதியது. ஸ்டீபன் பார்ன் உருவாக்கி, 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வெளிவந்த ஷெல்லிலிருந்து தொடர்ந்துவரும் வழக்கம் இது. மேற்கோள்குறிக்குள் உள்ள தமிழ்ச் செய்திகளைத் தமிழெழுத்திலேயே தட்டலாம். இன்றைய கணினிகள் ஒருங்குறியில் அவற்றைத் தடையின்றிக் காட்டும்.

இந்நிரலை இயக்க அதற்கே இயக்கும் அனுமதி வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. ‘சிமாட்’ கட்டளையால் அதற்கு 755 அல்லது 700 என்று அளிக்கலாம். அல்லது ‘எஸ்எச்’ என்று எழுதி அதனையடுத்து நிரலின் பெயரைத் தந்தால், படிக்கும் அனுமதி மட்டுமே போதும்; அப்போது இயங்குவது ஷெல், நம் நிரல் அது படிக்கும் ஏடு.

‘டெஸ்ட்’ தன் விடையைச் சொல்லாகத் தருவதில்லை, எண்ணாகத் தருகிறது. ஆம் என்றால் 0, இல்லை என்றால் 1, கேள்வியே பிழை என்றால் 1-ஐவிடப் பெரிய எண். தமிழில் மறுப்பைச் சொல்ல நமக்குப் பல சொற்கள் உள்ளன. பொருள் இல்லாதபோது ‘இல்லை’ என்கிறோம். பொருள் இருந்தும் நம்மால் முடியாதபோது ‘இயலாது’ என்கிறோம். முடியும், ஆனால் விலக்கப்பட்டது என்னும்போது ‘கூடாது’ என்கிறோம். ‘டெஸ்ட்’ தரும் 1 இவை அனைத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. கோப்பு உண்மையிலேயே இல்லாதபோதும் 1. கோப்பு இருந்து அனுமதி இல்லாதபோதும் 1. கோப்புக்குச் செல்லும் வழியில் ஏதோ ஒரு கோப்புறை அடைத்திருந்து, கோப்பு உண்டா இல்லையா என்பதே தெரியாதபோதும் அதே 1.

இயங்குதளத்தின் கருப்பகுதிக்கு இந்த வேறுபாடு தெரியும். லினக்ஸில், பெயர் இல்லையென்றால் அது பிழை எண் 2-ஐத் தரும். அனுமதி மறுக்கப்பட்டால் பிழை எண் 13-ஐத் தரும். கோப்பை நேரடியாகத் திறக்க முயன்றால் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் செய்திகள் திரையில் தோன்றும். ‘டெஸ்ட்’ ஒன்றே அவ்விரண்டையும் விழுங்கிவிட்டு ‘இல்லை’ என்கிறது. தொடக்கத்தில் சொன்ன இரண்டாம் ஆசிரியர் பெற்ற விடை அத்தகையதே. அவருடைய நிரல் ‘-ஈ’ என்று கேட்டது. வினாத்தாள் 640 என்று சரியாகவே இருந்தது. அது இருந்த ‘தேர்வு’ என்னும் கோப்புறை 700 என்று உரிமையாளருக்கு மட்டும் திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் நிற்பவருக்கு உள்ளே என்ன உண்டு என்று சொல்ல இயலாத கணினி, இல்லை என்றே சொல்லிவிட்டது.

இந்நிலையில் கோப்பின்மீது 777 ஏற்றியிருந்தாலும் அவருக்குப் பயன் இராது. தடை கோப்பில் இல்லை. குறுக்குவழியை நாடுவோர் அடுத்ததாகக் கோப்புறை முழுவதற்கும் 777 ஏற்றுவது இதனால்தான். வேண்டியிருந்ததோ ஒரே மாற்றம்: ‘தேர்வு’ கோப்புறையின் குழு ‘ஆசிரியர்’ ஆக இருக்க, அதன் எண்ணை 700-இலிருந்து 750 ஆக்குவது.

பாதையைச் சோதிக்கும் நிரல்

ஆகவே நல்ல சோதனை, கோப்பை மட்டும் பார்க்காமல் அதற்குச் செல்லும் பாதையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையையும் பார்க்க வேண்டும். கீழ்வரும் நிரல் அதனைச் செய்கிறது.

பி="$1"
வைல் [ "$பி" != "/" ]
டூ
பி=$(டிர்நேம் "$பி")
இஃப் [ ! -டி "$பி" ]
தென் எக்கோ "$பி: புலப்படவில்லை"
எலிஃப் [ -எக்ஸ் "$பி" ]
தென் எக்கோ "$பி: கடக்க இயலும்"
எல்ஸ் எக்கோ "$பி: கடக்க இயலாது"
ஃபை
டன்

‘டிர்நேம்’ என்னும் கட்டளை ஒரு பாதையின் கடைசிப் பெயரை நீக்கிவிட்டு, அதற்கு மேலுள்ள கோப்புறையைத் தரும். அதனை மீண்டும் மீண்டும் இயக்கினால் கோப்பிலிருந்து படிப்படியாக மேலேறி, எல்லாவற்றுக்கும் தாயான ‘/’ என்னும் வேர்க்கோப்புறையை அடைவோம். அங்கே சுழற்சி நிற்கும். நாம் தரும் பாதை ‘/’ என்னும் குறியில் தொடங்க வேண்டும் என்பது இதற்கு இன்றியமையாத நிபந்தனை. அவ்வாறின்றி வெறும் கோப்புப் பெயரைத் தந்தால், ‘டிர்நேம்’ ஒற்றைப் புள்ளியைத் தரும்; புள்ளிக்கு மேல் மீண்டும் புள்ளியே; சுழற்சி என்றும் நில்லாது. கன்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தித்தான் அதனை நிறுத்த வேண்டியிருக்கும்.

‘/பள்ளி/தமிழ்/தேர்வு/வினாத்தாள்’ என்னும் பாதையைத் தந்து, இரண்டாம் ஆசிரியர் தம் கணக்கிலிருந்து இயக்கினால் விடை இவ்வாறு வரும்.

/பள்ளி/தமிழ்/தேர்வு: கடக்க இயலாது
/பள்ளி/தமிழ்: கடக்க இயலும்
/பள்ளி: கடக்க இயலும்
/: கடக்க இயலும்

தடை எந்த வரியில் என்பது வெளிப்படை. ஒருவேளை ‘தமிழ்’ என்னும் கோப்புறையே அடைத்திருந்தால், ‘தேர்வு’ என்பதற்கு ‘புலப்படவில்லை’ என்று வரும். அதனைக் கண்டு ‘தேர்வு’ கோப்புறை தொலைந்துவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது. ‘கடக்க இயலாது’ என்னும் வரிக்கு முன்னால் வரும் ‘புலப்படவில்லை’ எல்லாம், உண்டோ இல்லையோ என்று சொல்ல இயலாதவை. அதனால்தான் ‘இல்லை’ என்ற சொல்லை இந்நிரலில் எங்கும் எழுதவில்லை. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ‘நேம்ஐ’ என்னும் ஆயத்தக் கட்டளையும் உண்டு. அதற்கு ‘-எல்’ சேர்த்தால் பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிய குறிகளை வரிசையாகக் காட்டும். அது இருக்கும்போதும் மாணவர் ஒருமுறையேனும் மேற்கண்ட நிரலைத் தாமே எழுதிப் பார்ப்பது நல்லது.

தமிழ்ப் பெயர்கள்

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடும் வழக்கம் நம் பள்ளிகளில் பெருகவேண்டும் என்பது என் விருப்பம். அவ்வாறு பெயரிடுவோர் அறிய வேண்டியவை சில உள்ளன. ‘மூன்றாம் வகுப்பு வினாத்தாள்’ என்று இடைவெளிகளுடன் பெயரிட்டால், நிரலில் ‘$1’ என்பதை மேற்கோள்குறிக்குள் வைக்காத நிரல் அதனை மூன்று பெயர்களாகப் பிரித்துவிடும். மேலே எல்லா இடங்களிலும் மேற்கோள்குறிகள் நிற்பது அழகுக்காக அன்று.

கணினியின் கண்ணுக்குக் கோப்பின் பெயர் எழுத்துகளின் தொடரன்று, பைட்டுகளின் தொடர். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. ‘வினாத்தாள்’ நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கோ மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாதலால் 10 குறியீடுகள், 30 பைட்டுகள். லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுகளை மீறக் கூடாது. ஆகவே தமிழ்ப் பெயருக்கு 85 குறியீடுகளே எல்லை.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் உள்ளது. ‘தொகுப்பு’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரானவை என்று ஏற்கிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்போ பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால் அவற்றை இரு வேறு பெயர்களாகக் கொள்ளும். ஒரு விசைப்பலகையில் தட்டிச் சேமித்த ‘தொகுப்பு’ என்னும் கோப்பை, வேறுவகையில் குறியிடும் மற்றொரு விசைப்பலகையில் தட்டித் தேடினால், கண்முன்னே பட்டியலில் கோப்பு நிற்கும்; நிரல் ‘இல்லை’ என்னும். அனுமதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இத்தகைய ஐயம் எழுந்தால், ஐயத்துக்குரிய எழுத்தைத் தட்டாமல், ‘*குப்பு’ என்று உடுக்குறியுடன் தந்து பார்க்கலாம். உடுக்குறி எத்தகைய பைட்டுகளையும் ஏற்கும்.

யாருடைய கண்ணால்?

‘நான் திறந்து பார்த்தேன், திறக்கிறதே’ என்று கணினிப் பொறுப்பாளர் சொல்வதை நாம் கேட்டிருப்போம். அவர் ‘ரூட்’ என்னும் தலைமைக் கணக்கிலிருந்து சோதித்திருந்தால் அச்சொல்லுக்கு மதிப்பில்லை. அக்கணக்குக்குப் படிக்கும், எழுதும் அனுமதிக் குறிகள் தடையாவதில்லை. ‘-ஆர்’ என்று அது எந்தக் கோப்பைக் கேட்டாலும் ஆம் என்றே விடை வரும். நிரல் எப்போதும் தன்னை இயக்குபவரின் கண்ணாலேயே பார்க்கிறது. ஆகவே மாணவர் படிக்க இயலுமா என்று அறிய, மாணவர் கணக்கிலிருந்தே கேட்க வேண்டும். பொறுப்பாளர் ‘சூடோ -யூ’ என்று எழுதி, அதனையடுத்து மாணவர் கணக்கின் பெயரையும் நிரலையும் தந்தால், அக்கணக்கின் சார்பில் சோதனை நடக்கும்.

குழுவைப் பொறுத்தும் ஒரு பொறி உண்டு. இரண்டாம் ஆசிரியரை ‘ஆசிரியர்’ குழுவில் இன்று காலை சேர்த்திருக்கலாம். அவரோ நேற்று நுழைந்த கணக்கிலிருந்து வெளியேறாமலே இருக்கிறார். எந்தெந்தக் குழுவினர் என்பது கணக்கில் நுழையும்போது பதிவாகும் செய்தி. வெளியேறி மீண்டும் நுழையும்வரை கணினிக்கு அவர் பிறரே. ‘ஐடி’ என்னும் கட்டளையை இட்டால், இப்போதைய நிலையில் தாம் எந்தெந்தக் குழுவினராகக் கொள்ளப்படுகிறார் என்பதை அவரே காணலாம்.

இதுவரை ‘வேண்டியவருக்கு வழி உண்டா’ என்று கேட்டோம். தேர்வுக்கு முன்னால் கேட்க வேண்டிய மறுகேள்வி ‘வேண்டாதவருக்கு வழி உண்டா’ என்பது. ‘ஃபைண்ட் /பள்ளி -டைப் எஃப் -பெர்ம் -004’ என்னும் ஒரே வரி, ‘பள்ளி’ கோப்புறையின்கீழ்ப் பிறர் படிக்கும் குறியுள்ள எல்லாக் கோப்புகளையும் பட்டியலிடும். 004-க்கு முன்னுள்ள சிறுகோடு ‘குறைந்தது இக்குறியேனும் உள்ளவை’ என்று பொருள்படும். அதனை விட்டுவிட்டால் எண் துல்லியமாக 004 ஆக உள்ளவை மட்டுமே வரும், அதாவது பெரும்பாலும் ஒன்றும் வராது. இக்கட்டளையை மட்டும் தலைமைக் கணக்கிலிருந்து இயக்குவதே தகும். மற்றக் கணக்குகளிலிருந்து இயக்கினால், நுழைய இயலாத கோப்புறைகளை அது பார்க்காது. பட்டியல் நீண்டு வந்தால் வியப்படைய வேண்டியதில்லை. புதுக் கோப்புகளுக்கு எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் ‘யூமாஸ்க்’ எண் பல கணினிகளில் 022 என்றே அமைந்திருக்கும். அதன்படி ஒவ்வொரு புதுக் கோப்பும் 644 ஆக, பிறர் படிக்குமாறே பிறக்கும். வினாத்தாள் எழுதும் ஆசிரியர் தம் கணக்கில் அதனை 027 என்று மாற்றிக்கொண்டால், புதுக் கோப்புகள் 640 ஆகவும் புதுக் கோப்புறைகள் 750 ஆகவும் உருவாகும்.

இவையனைத்தும் கோப்பு அந்தக் கணினியில் இருக்கும்வரைதான். எக்ஸ்ஃபேட் போன்ற வடிவில் அமைந்த விரல்வட்டில் அதனை நகலெடுத்தால், உரிமையாளர், குழு, ஒன்பது குறிகள் எவையும் அதில் பதிவாவதில்லை; வட்டைச் செருகிய கணினி தன் விருப்பப்படி ஓர் அனுமதியை எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாகக் காட்டும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் அவ்வாறே. 640 என்று காத்துவைத்த வினாத்தாள், ஆசிரியர் அறையில் மறந்து விடப்பட்ட விரல்வட்டில் எவருக்கும் திறக்கும்.

நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு ஒரு சொல். ‘முதலில் அனுமதி உண்டா என்று சோதி, உண்டெனில் கோப்பைத் திற’ என்று எழுதுவது முறையாகத் தோன்றும். சோதித்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் இடையே அனுமதி மாறலாம், கோப்பே வேறொன்றாக மாற்றப்படலாம். ஆகவே, செயலைச் செய்யும் நிரலில் நேரே திறக்க முயன்று, மறுக்கப்பட்டால் அம்மறுப்பைக் கையாள்வதே சரி. மேலே தந்த சோதனை நிரல்கள், கோப்பு ஏன் திறக்கவில்லை என்று மனிதர் அறிந்துகொள்வதற்கு உரியவை.